கலமும் இல்லமும்

தமிழர் பண்டுதொட்டே கடலோடு பழகியவர் என்னும் கூற்று மேடைதோறும் முழங்கப்படுகிறது, பாடநூல்தோறும் அச்சேறுகிறது. அக்கூற்றில் பிழை ஏதுமில்லை. கப்பல் என்னும் தமிழ்ச்சொல் மலாய் மொழியில் 'காப்பால்' என வழங்குகிறது. கட்டுமரம் என்னும் சொல் உருமாறி ஐரோப்பிய மொழிகளில் குடிபுகுந்துள்ளது. நாவாய், வங்கம், அம்பி, திமில், தோணி, ஓடம், பஃறி, புணை, மிதவை என நீர்மேல் செல்வனவற்றுக்குத் தமிழில் உள்ள பெயர்களைத் தொகுத்தால் ஒரு சிறு நிகண்டே அமையும்.

ஆயினும் இப்பெருமிதத்தைச் சற்றே நிறுத்தி ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும். கலத்தில் சென்ற தமிழரை நம் இலக்கியம் காட்டுகிறது. கலத்தில் குடியிருந்தவரைக் காட்டுகிறதா? அடுப்பு மூட்டி, குழந்தையைத் தாலாட்டி, துணி துவைத்து உலர்த்தி, ஓடத்தையே இல்லமாகக் கொண்டு நடத்திய வாழ்க்கை நம் செய்யுளிலோ உரைநடையிலோ இடம்பெற்றுள்ளதா? மாணவர் ஒருவர் வகுப்பில் இவ்வினாவை எழுப்பினால் ஆசிரியர் உடனே விடை கூறிவிடுதல் இயலாது.

சிங்கப்பூரில், அதிலும் காத்தோங் போன்ற ஒரு கரையோரப் பகுதியில், இஃது ஏட்டளவில் நின்றுவிடும் வினாவும் அன்று. இத்தீவின் பழங்குடிகளுள் பெரும்பாலோர் படகுகளிலேயே பிறந்து, வாழ்ந்து, மடிந்தவர். அவர்கள் வாழ்ந்த நீர்ப்பரப்பின் அருகிலேயே நெய்தல் திணை இன்று வகுப்பறைகளில் கற்பிக்கப்படுகிறது. ஆகவே, நம் இலக்கியம் தோணியை எவ்வாறு கண்டது, எதனைக் காணாது விட்டது என்பதை ஆராய்தல் பயனுடைய முயற்சியாகும்.

தொல்காப்பியர் இட்ட வரம்பு

இவ்வாய்வின் தொடக்கம் தொல்காப்பியத்தில் உள்ளது. பொருளதிகாரத்து அகத்திணையியலில் பிரிவின் வகைகளைக் கூறுமிடத்து, கடல்வழிச் செல்லும் செலவு மகளிரொடு கூடி நிகழ்வதன்று என்று தொல்காப்பியர் வரையறுக்கிறார். அந்நூற்பாவில் வரும் முந்நீர் என்னும் சொல்லுக்கு வேறு பொருள் கொண்டு விளக்கும் உரைகளும் உண்டு. எனினும், கடற்செலவு என்று கொள்வதே பெருவழக்கு.

இவ்வொரு விதியின் விளைவு எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். தமிழில் இல்லம் என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. இல்லாள் இருக்குமிடமே இல். மனைவி, மனை ஆகிய சொற்களின் உறவும் இதனையே உணர்த்தும். மகளிர் கலத்தில் ஏறலாகாது என்றால், இல்லமும் கலத்தில் ஏறலாகாது என்பதே அதன் பொருள். ஓடம் எவ்வளவு பெரிதாயினும், எவ்வளவு நாள் கடலில் நின்றாலும், அஃது ஆடவர் தொழிற்களமாகவே அமையும். இல்லம் கரையிலேயே நிற்கும்.

நெய்தற் பாடல்கள் இவ்வரம்பைக் கடவாதவை. அத்திணையின் உரிப்பொருள் இரங்கல். தலைவி கரையில் இருக்கிறாள். உலரும் மீனைக் கவர வரும் பறவைகளை ஓட்டுகிறாள். கானலில் நின்று வருந்துகிறாள். அவள் தந்தையும் தமையன்மாரும் திமிலேறிக் கடல்மேல் செல்கின்றனர். தலைவனோ பெரும்பாலான பாடல்களில் தேரேறி வருகிறான். அவன் தேர்ச்சக்கரத்தில் நண்டுகள் நசுங்குவதைப் புலவர்கள் மீண்டும் மீண்டும் பாடுகின்றனர். இதில் நுட்பமான ஒரு செய்தி உண்டு. கடற்கரைக் காதலைப் பாடும் திணையில்கூட ஓடம் காதலர்க்கு உரிய இடமாகவில்லை. அது தந்தையின் தொழிற்கருவி; அவர் வீட்டில் இல்லாத பொழுதைக் குறிக்கும் அடையாளம். அவ்வளவே.

வண்டிக்கு வாய்த்த பேறு

இயங்கும் இல்லத்தைப் பாடும் ஆற்றல் சங்கப் புலவர்க்கு இல்லையோ என்று ஐயுறுவார்க்கு விடை பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. உப்பு வாணிகராகிய உமணர் வண்டிகளில் ஊர் ஊராகச் செல்வதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதில் விரித்துரைக்கிறார். வண்டியில் கோழி அடையும் கூடு இருக்கிறது. பெண்யானையின் முழந்தாளை ஒத்த சிற்றுரல் தொங்குகிறது. ஊறுகாய் வைத்த கலம் இருக்கிறது. குழந்தையை உடைய பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். உரல், கோழி, ஊறுகாய், குழந்தை ஆகிய நான்கினைக் கொண்டே ஒரு வண்டியை வீடாக்கிவிட்டார் புலவர். இல்லம் நகரும், உமணப் பெண் அதனை ஓட்டுவாள்.

அதே புலவர் பாடியதாகக் கொள்ளப்படும் மற்றொரு நூல் பட்டினப்பாலை. அதில் காவிரிப்பூம்பட்டினத்துக் கழிகளில் நிற்கும் படகுகள் வருகின்றன. உப்பை விற்று நெல்லை ஏற்றி வந்த அப்படகுகள், கொட்டிலில் கட்டிய குதிரைகள்போல் முளைகளில் கட்டப்பட்டு நிற்கின்றன. உவமை அழகியது. ஆனால் அப்படகுகளில் நெல் உண்டு, உரல் இல்லை. பயணம் உண்டு, குழந்தை இல்லை. அந்நூலின் பிறிதோரிடத்தில், திமிலில் செல்லும் பரதவர் நகரத்து உயர்ந்த மாடங்களில் எரியும் விளக்குகளை எண்ணுகின்றனர். விளக்கு கரையிலுள்ள வீட்டில் எரிகிறது. ஓடத்தில் இருப்பவன் அதனை எண்ணுகிறான். இல்லத்துக்கும் கலத்துக்கும் இடையே தமிழிலக்கியம் கண்ட உறவை இக்காட்சியைக் காட்டிலும் தெளிவாகக் கூறுதல் அரிது.

ஒரே புலவர், ஒரே உப்பு வாணிகம், வண்டியும் படகும். வண்டிக்குக் குடும்பத்தை அளித்தவர் படகுக்கு ஏன் அளிக்கவில்லை?

சோழமண்டலக் கடற்கரையின் இயல்பை இதற்குக் காரணமாகக் கூறலாம். அக்கரையில் இயற்கைத் துறைமுகங்கள் சில, அலையோ பெரிது. கட்டுமரத்தை மீன்பிடித்து வந்தபின் கரையேற்றி உலர்த்துதல் வேண்டும். மணலில் இழுத்து வைக்கப்படும் கலத்தில் எவரும் குடியிருக்க இயலாது. இக்காரணம் ஏற்கத்தக்கதே, எனினும் முழுமையானதன்று. பட்டினப்பாலை கூறும் நெற்படகுகள் அலைகடலில் நின்றவை அல்ல. அமைதியான கழியில் நின்றவை. அங்கே ஓர் உரலையும் ஒரு குழந்தையையும் ஏற்றியிருக்க இடமுண்டு. ஏற்றாமைக்குக் காரணம் நீரின் இயல்பு மட்டுமன்று. நீர்மேல் மகளிர் இரார் என்று கொண்ட இலக்கிய மரபும் ஆகும்.

குகனும் தோணியப்பரும்

இம்மரபு பிற்காலத்தும் தொடர்ந்தது. கம்பராமாயணத்தில் குகன் ஆயிரம் ஓடங்களுக்குத் தலைவன். இராமனைத் தன்னோடு தங்குமாறு அவன் வேண்டும் இடம் நெஞ்சை உருக்குவது. உண்ணத் தேனும் தினையும் ஊனும் உண்டு. துணையாகத் தன் இனத்தார் உயிர் உண்டு. விளையாடக் காடு உண்டு. நீராடக் கங்கை உண்டு என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறான். ஆயிரம் ஓடங்கள் உடையவன் அன்பின் மிகுதியால் தன்னிடம் உள்ளவற்றையெல்லாம் அடுக்குகிறான். அவ்வடுக்கில் ஓடம் வரவில்லை. கங்கை நீராடுதற்கு, ஓடம் கடத்தற்கு, இருத்தற்கு நிலமே. சீதையும் அவ்வோடத்தில் ஏறுகிறாள். ஆனால் அக்கரை சேரும் அளவுக்கே.

மரபு முழுவதிலும் ஒரே ஒரு தோணி மட்டும் இல்லமாகியிருக்கிறது. அது சீர்காழித் தோணி. ஊழிவெள்ளத்தில் உலகெல்லாம் மூழ்கியபோது இறைவன் உமையோடு தோணியில் எழுந்தருளிய இடம் என்று தலபுராணம் கூறும். அதனாலேயே அவ்வூர்க்குத் தோணிபுரம் என்பது பன்னிரு பெயர்களுள் ஒன்றாயிற்று; இறைவர்க்கும் தோணியப்பர் என்னும் பெயர் அமைந்தது. பெரியபுராணம் கூறும் ஞானசம்பந்தர் வரலாற்றில் இத்தோணிக்குரிய இடம் கருதத்தக்கது. நீராடச் சென்ற தந்தையைக் காணாது குளக்கரையில் அழுத குழந்தை, கோயிலின் தோணிச் சிகரத்தை நோக்கியே அம்மையையும் அப்பனையும் அழைக்கிறது. அழைப்பைக் கேட்டு அம்மை பாலூட்டுகிறாள். தந்தை, தாய், பசித்த குழந்தை, பால் ஆகிய இவை கூடிய இடம் இல்லமன்றி வேறென்ன?

மானிடப் பெண்ணுக்கு மறுக்கப்பட்ட தோணியில் உமையம்மை மட்டுமே இல்லறம் நடத்துகிறாள். அத்தோணியும் வெள்ளம் வடிந்தபின் கோயிலாகி நிலத்தில் நிலைபெற்றுவிட்டது. தமிழ் மனம் தோணியில் ஓர் இல்லத்தைக் கற்பனை செய்ய வல்லது என்பதற்கு இதுவே சான்று. அக்கற்பனையைத் தெய்வத்தோடு நிறுத்திக்கொண்டது என்பதற்கும் இதுவே சான்று.

பிரெஞ்சுக் கால்வாய்களில்

பிறமொழி இலக்கியம் ஒன்றோடு ஒப்பிட்டு நோக்கின் இக்கருத்து மேலும் விளங்கும். பிரான்சு நாட்டில் ஆறுகளை இணைக்கும் கால்வாய்கள் மிகப்பல. அவற்றுள் புகழ்பெற்ற மிடி கால்வாய் 1666இல் தொடங்கி 1681இல் நிறைவுற்றது; 240 கிலோமீட்டர் நீளமுடையது. மதகுகளால் அடக்கப்பட்ட இந்நீரில் அலை இல்லை. சரக்குப் படகின் பின்புறத்துச் சிற்றறையில் படகோட்டியின் மனைவி மக்கள் வாழ்ந்தனர். இங்கிலாந்தில் ஏறத்தாழ ஏழடி அகலமே உள்ள ஒடுங்கிய கால்வாய்ப் படகுகளிலும் குடும்பங்கள் இவ்வாறே வாழ்ந்தன. சரக்குத் தொழில் நலிந்த பின்னும் அவ்வாழ்க்கை முற்றும் மறையவில்லை. அத்தகைய படகை வாங்கிப் பிரெஞ்சு நகரொன்றின் கால்வாய்க் கரையில் கட்டி, அதிலேயே குடியேறுவோர் இன்றும் உளர்.

இவ்வாழ்க்கை அவர்தம் இலக்கியத்தில் இடம்பெற்ற வகையை இரு படைப்புகள் காட்டும். ஒன்று, ஹெக்டர் மாலோ 1878இல் வெளியிட்ட புதினம். அதன் பெயர் குடும்பம் அற்றவன் என்று பொருள்படும். நோயால் படுக்கையை விட்டு எழ இயலாத மகனுக்காகச் செல்வப் பெண்மணி ஒருத்தி 'அன்னம்' என்று பொருள்படும் பெயருடைய படகொன்றில் மிடி கால்வாய்வழிச் செல்கிறாள். பெற்றோர் யார் என்று அறியாத இரேமி என்னும் சிறுவன் அப்படகில் சில காலம் தங்கி, அதுவரை அறியாத அன்பை அறிகிறான். அவளே தன்னைப் பெற்ற தாய் என்பது கதையின் இறுதியிலேயே அவனுக்குத் தெரியவருகிறது. கரையில் வீடில்லாத குழந்தை நீரின்மேல் தாயைக் காண்கிறது. சீர்காழிக் குழந்தையின் கதையைப் பயின்றவர்க்கு இந்நிகழ்ச்சி வியப்பளிக்காது. ஆயின் இங்கே தாய் மானிடப் பெண். படகும் மரத்தால் ஆனதே.

மற்றொன்று, ழான் விகோ இயக்கி 1934இல் வெளிவந்த 'லத்தலாந்த்' என்னும் திரைப்படம். சிற்றூர்ப் பெண் ஒருத்தி படகுத் தலைவனை மணந்து, திருமண உடையோடு நேரே சரக்குப் படகில் ஏறுகிறாள். அங்கே முதிய படகோட்டி ஒருவனும் அவன் வளர்க்கும் பூனைகளும் உடன் வாழ்கின்றனர். பூனையொன்று மணமக்கள் படுக்கையிலேயே குட்டி ஈனுகிறது. அழுக்குத் துணிகளையெல்லாம் தேடியெடுத்து அவள் துவைக்கத் தொடங்குகிறாள். பின்னர் இடநெருக்கமும் ஒரே நீரும் கரையும் அவளைச் சலிப்படையச் செய்ய, பாரிசு நகரைக் காணும் ஆவலால் படகை விட்டுச் செல்கிறாள். கணவன் சினந்து படகைச் செலுத்திக்கொண்டு போய்விடுகிறான், பிரிவால் நிலைகுலைகிறான். இறுதியில் முதியவன் அவளைத் தேடி அழைத்து வருகிறான்.

இதனை நம் நெய்தலோடு வைத்துக் காண்க. நெய்தலில் கடல் பிரிக்கிறது, கரை காத்திருக்கிறது. இத்திரைப்படத்திலோ நீர் சேர்த்து வைக்கிறது, கரையே பிரிக்கிறது. நெய்தலின் துன்பம் தொலைவால் வருவது. இப்படகின் துன்பம் அண்மையால் வருவது. மனைவியைக் கலத்தில் ஏற்றிய மாத்திரத்தில் இலக்கியத்தின் உரிப்பொருளே மாறிவிடுகிறது. இரங்கலுக்குரிய இடத்தில் ஊடலும் இருத்தலும் வந்து சேர்கின்றன. தொல்காப்பியர் வகுத்த திணைகளுள் இதற்குரிய முதற்பொருளை எங்கே வைப்பது என்பது மாணவர் ஆராயத்தக்க ஓர் இனிய சிக்கலாகும்.

புதினங்களில் தோணி

இருபதாம் நூற்றாண்டுப் புதினங்கள் மரபை மாற்றினவா? தகழியின் செம்மீன் மலையாளத்தில் 1956இல் வெளிவந்து, சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பால் தமிழர்க்கும் உரியதாயிற்று. கடலில் செல்பவன் உயிர் கரையிலிருக்கும் மனைவியின் கற்பில் நிற்கிறது என்னும் நம்பிக்கையே அப்புதினத்தின் அச்சு. இல்லத்துக்கும் கலத்துக்கும் இடையே உள்ள கோட்டை இப்புதினம் அழிக்கவில்லை. அதனை உயிருக்கும் சாவுக்கும் இடையே உள்ள கோடாக ஆழப்படுத்துகிறது.

வண்ணநிலவனின் கடல்புரத்தில் 1977இல் வெளிவந்தது. வீட்டையும் வள்ளத்தையும் பிரிய மனமில்லாத முதியவர் ஒருவரின் துயரம் அதில் பேசப்படுகிறது. வீடும் வள்ளமும் அவர்க்கு ஒரே உயிரின் இரு பகுதிகள். எனினும் அவை இரண்டே, ஒன்றாகவில்லை. ஜோ டி குரூசின் கொற்கை 2013ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அக்காதெமி பரிசைப் பெற்றது. தூத்துக்குடித் தோணித் தொழிலை இதுபோல் விரிவாகப் பாடிய தமிழ்ப் புதினம் வேறில்லை எனலாம். தண்டல் முதல் சமையல்காரன் வரை தோணியில் ஒரு சமுதாயமே இயங்குகிறது. ஆயினும் அச்சமுதாயம் ஆடவர் சமுதாயம்.

சிங்கப்பூர், மலேசியத் தமிழர்க்கு மிக அணுக்கமான புதினம் ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி. மேடான் நகரில் தாமே வாழ்ந்த பட்டறிவைக் கொண்டு அவர் எழுதிய இந்நூல் 1972இல் வெளிவந்தது. சுமத்திராவிலிருந்து பினாங்குக்குச் செல்லும் தொங்கான் புயலில் சிக்கும் பகுதி, தமிழ் உரைநடையின் சிகரங்களுள் ஒன்று. தொங்கான் என்னும் சொல்லே ஈண்டுக் கருதத்தக்கது. கப்பல் என்னும் சொல்லை மலாய்க்குக் கொடுத்த தமிழ், அக்கடற்பகுதியில் வழங்கிய சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சொல் கைமாறியது, வாழ்க்கை கைமாறவில்லை. பாண்டியன் தென்கிழக்காசியக் கடலில் அலைகிறான். அவன் நினைவோ மதுரைத் தெருக்களிலேயே உலவுகிறது. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் மாடவிளக்கை எண்ணியதுபோல் அவனும் கடலில் இருந்துகொண்டு கரையிலுள்ள ஊரை எண்ணுகிறான். இப்புதினத்தின் புதுமை வியக்கத்தக்கது. எனினும் இவ்வொரு கூற்றில் அது பட்டினப்பாலையின் வழித்தோன்றலே.

இதனைக் குறையாகக் கூறுதல் முறையன்று. அவ்வேக்கமே அந்நூலின் வலிமை. ஆனால் தொல்காப்பியரின் வரம்பை வாழ்க்கை எப்போதோ கடந்துவிட்டது என்பதையும் மறத்தல் ஆகாது. 1926இல் கட்டப்பட்டு 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைகளை இணைத்த ராஜுலா கப்பலின் தளத்தில் மகளிரும் குழந்தைகளும் வந்தனர். ஏறத்தாழ ஒரு வாரம் அத்தளமே அவர்கட்கு உறைவிடம். பாய் விரித்த இடமே குடும்பத்தின் எல்லை. பெட்டியும் படுக்கையுமே சுவர். உமணர் வண்டிக்கு உருத்திரங்கண்ணனார் அளித்த நான்கு அடையாளங்களுள் சிலவேனும் அங்கே இருந்திருக்கும். நம் சிறுகதைகளிலோ ராஜுலா பெரும்பாலும் முதற்பத்தியிலேயே கரை சேர்ந்துவிடுகிறது. கதை நிலத்தில் தொடங்குகிறது. அவ்வொரு வார இல்லம் இன்னும் எழுதப்படாமலேயே கிடக்கிறது.

காத்தோங் கரையில்

இனிச் சிங்கப்பூரின் நீர்வாழ் குடிகளை நோக்குவோம். 1819இல் இராஃபிள்ஸ் வந்திறங்கியபோது இத்தீவில் ஏறத்தாழ 1,000 பேர் வாழ்ந்தனர் என்று வரலாற்றாசிரியர் கணிப்பர். அவருள் ஒராங் காலாங் ஏறத்தாழ 500 பேர். ஒராங் செலேத்தார் 200 பேர். ஒராங் கிளாம் 150 பேர். ஒராங் லாவுட், அதாவது கடல் மக்கள், என்னும் பொதுப்பெயரால் குறிக்கப்படும் இவர்கள் கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகள் சூழ்ந்த நீர்வழிகளிலும் படகிலேயே குடும்பத்தோடு வாழ்ந்தவர். 'காஜாங்' எனப்படும் ஓலைப்பாயே படகின் கூரை. படகின் ஒருபுறம் அடுப்பு. எஞ்சிய இடமே உறங்கவும் குழந்தைகள் விளையாடவும் உரியது. காலாங் ஆற்றின் முகத்துவாரம் காத்தோங்குக்கு அண்மையில் உள்ளது. ஒரு காலத்தில் இப்பகுதியின் நீர்ப்பரப்பே ஓர் ஊராக விளங்கியது.

அவர்களைப் பற்றி எழுதி வைத்தவர் அவர்கள் அல்லர். ஜே. ஆர். லோகன் 1847இல் தொடங்கிய ஆங்கில இதழில் ஒராங் செலேத்தார், ஒராங் காலாங் ஆகியோரைப் பற்றிய குறிப்புகள் வெளிவந்தன. வரலாற்றுக்கு அவை பெருந்துணை. ஆயினும் படகில் வாழ்வோரை நாகரிகத்தின் கீழ்ப்படியில் நிற்பவராகவே அவை கண்டன. நிலத்தில் வீடில்லாதவரை வீடற்றவர் என்று கருதும் நோக்கு அது. ஆங்கிலேயர் வந்த சில ஆண்டுகளில் ஒராங் காலாங் மக்கள் ஜொகூரின் பூலாய் ஆற்றுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1840-களில் பெரியம்மை நோய் அவருள் மிகப்பலரை மாய்த்தது. ஒராங் செலேத்தாரின் வழித்தோன்றல்கள் இன்று ஜொகூர் நீரிணையின் மலேசியக் கரைச் சிற்றூர்களில் வாழ்கின்றனர்.

அக்காலத்தில் தமிழரும் இந்நீர்ப்பரப்பில் இருந்தனர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிங்கப்பூர் ஆற்றுச் சரக்குப் படகுத் தொழில், சூலியர் எனப்பட்ட தென்னிந்தியரிடம் பெரிதும் இருந்தது. பின்னர்ச் சீனர் கைக்கு மாறியது. ஆற்றைத் தூய்மை செய்யும் திட்டம் 1977இல் தொடங்கி, 1983இல் எஞ்சிய நூற்றுக்கணக்கான படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அகற்றப்பட்டதோடு அவ்வாழ்க்கை ஆற்றை விட்டு நீங்கியது. தமிழ்ப் படகோட்டிகளின் நாள்வாழ்க்கையைப் பாடிய புதினமொன்று தமிழில் இல்லாமை வருந்தத்தக்கது.

காத்தோங்கில் தமிழர் வேரூன்றிய வகை வேறு. சிலோன் சாலையிலுள்ள செண்பக விநாயகர் கோயிலின் வரலாறு ஒரு குளக்கரையில் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் செண்பக மரத்தடியில் விநாயகர் திருவுருவம் கண்டெடுக்கப்பட்டது என்பர். மரம், குளம், திருவுருவம் ஆகிய மூன்றும் அமைந்தவுடன் ஓரிடம் தமிழர்க்கு ஊராகிவிடுகிறது. வேரூன்றுதல், நிலைபெறுதல், காலூன்றுதல் என்று நாம் வழங்கும் சொற்கள் அனைத்தும் மண்ணைச் சார்ந்தவை. மிதந்துகொண்டே நிலைபெறுதலைக் குறிக்க நமக்கு ஒரு சொல் இல்லை.

இன்று அக்கடலும் பழைய இடத்தில் இல்லை. 1966இல் தொடங்கி 1980-களின் நடுப்பகுதி வரை கட்டம் கட்டமாக நடந்த நிலமீட்பால் காத்தோங் கரை தெற்கே தள்ளிப்போயிற்று. ஏறத்தாழ 1,500 ஹெக்டேர் புதிய நிலம் தோன்றியது. முன்பு அலை தொட்ட மாளிகைகளின் முன் இன்று அடுக்குமாடிகளும் நெடுஞ்சாலையும் நிற்கின்றன. காத்தோங் என்னும் பெயர் கடலாமை வகை ஒன்றால் வந்தது என்று கூறுவர். தன் வீட்டைத் தானே சுமந்து நீரில் வாழும் உயிரின் பெயரைத் தாங்கிய ஊரில், நீரில் வாழ்ந்த மனிதரின் நினைவு அருகிப்போயிற்று.

வகுப்பறையில் நெய்தல்

இவ்வாய்வால் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் விளையும் பயன் யாது? நெய்தலைக் கற்பிக்கும்போது முதல், கரு, உரி என்னும் பட்டியலை மனப்பாடம் செய்வித்து நிறுத்திக்கொள்ளும் வழக்கம் உண்டு. மாணவர் தேர்வில் மதிப்பெண் பெறுவர். ஆனால் திணை என்பது ஒரு நோக்கு என்பதை உணரார். கரையில் நின்று கடலைப் பார்ப்பவரின் நோக்கே நெய்தல். கடலில் இருந்துகொண்டு கரையைப் பார்ப்பவரின் நோக்கு வேறாக இருத்தல் கூடும். இவ்வேறுபாட்டை விளக்கினால், பரதவர் விளக்குகளை எண்ணும் காட்சி மாணவர் நெஞ்சில் புதுப்பொருள் பெறும்.

பெரும்பாணாற்றுப்படையின் வண்டியையும் பட்டினப்பாலையின் படகையும் அடுத்தடுத்து வைத்துக் கற்பித்தல் நன்று. ஒரே புலவர் ஒன்றில் கண்டதை மற்றொன்றில் ஏன் காணவில்லை என்று மாணவரையே வினவச் செய்தல் வேண்டும். விடை ஒன்றாக இராது, இருக்கவும் வேண்டுவதில்லை. பழைய இலக்கியத்தைப் போற்றுதல் ஒரு கடமை; அது பேசாது விட்டதைக் கண்டறிதல் அதனினும் உயர்ந்த கடமை. மரபின் பெருமையைக் கூறுவோர் பலர். அதன் எல்லையைக் கூறுவோர் சிலரே. எல்லையை அறிந்தவனே அதற்கப்பால் அடியெடுத்து வைக்க இயலும்.

கடல் கடந்து வந்த மக்களின் இலக்கியம் என்று சிங்கப்பூர்த் தமிழிலக்கியத்தை நாம் கூறுகிறோம். கடந்து வந்த கடலில் முன்னரே குடியிருந்தவர்க்கு அவ்விலக்கியத்தில் இடமளித்தல் முறையாகும். நிலத்தில் வேரூன்றாதவர் என்று தம்மைப் பிறர் கூறக் கேட்டு வருந்திய சமுதாயங்கள் உலகில் பல. புலம்பெயர்ந்த தமிழரும் அச்சொல்லின் கூர்மையை அறிந்தவரே. அங்ஙனம் அறிந்தவர், படகில் வாழ்ந்த மக்களை வீடற்றவர் என்று கடந்து செல்லுதல் தகாது. ஓலைப்பாயின் கீழே அடுப்பெரிந்த இடம் இல்லமே. அங்கே உறங்கிய குழந்தைக்கு அதுவே ஊர்.

உமணப் பெண்ணைப் பாடிய மொழி தமிழ். உரலையும் கோழிக்கூட்டையும் வண்டியில் ஏற்றி வைத்து அதனை இல்லமாகக் கண்ட கண் நம் முன்னோர்க்கு இருந்தது. அக்கண்ணை நீர்ப்பக்கம் திருப்புதல் ஒன்றே எஞ்சியுள்ளது. இளம் எழுத்தாளர் எவரேனும் காலாங் கழிமுகத்தில் நின்ற ஒரு படகையோ, ராஜுலாவின் தளத்தில் விரித்த ஒரு பாயையோ தம் கதைக்குக் களமாகக் கொள்வாராயின், தொல்காப்பியர் இட்ட வரம்பை மீறியவர் ஆகார். உருத்திரங்கண்ணனார் தொடங்கிய பணியை நிறைவு செய்தவரே ஆவார்.